புது மடிக்கணினியில் பேட்டரி நிற்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் கணினி பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன். கல்லூரிகள் திறந்துவிட்டால் திருவாரூர், முத்துப்பேட்டை, ஒரத்தநாடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பலரும் ஒரே குறையோடு வருகிறார்கள்: "இப்போதுதான் வாங்கினோம், அதற்குள் பேட்டரி நிற்க மாட்டேன் என்கிறது." அப்படி வருபவற்றில் பேட்டரியே பழுதானவை சொற்பம். பலவற்றில் ஏதோ ஒன்று வேண்டாத வேலை செய்து மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். இன்னும் சிலவற்றில் பேட்டரி முதலிலிருந்தே சிறியது. வாங்கும்போது யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களுடையது இந்த மூன்றில் எது என்று செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலோரிடம் விண்டோஸ் 11 இருப்பதால் வழிமுறைகளை அதை வைத்தே எழுதியிருக்கிறேன்.

பெட்டியில் பத்து மணி நேரம் என்று போட்டிருக்கிறது. என் மகளுக்கு நான்கரை மணி நேரம்தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அந்தப் பத்து மணி நேரத்தை எப்படி அளந்தார்கள் என்பது விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கணினியிலேயே சேமித்த வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வைஃபையை அணைத்து, திரை வெளிச்சத்தை 150 நிட்ஸ் அளவுக்கு இறக்கி எடுத்த கணக்காக அது இருக்கும். பல நிறுவனங்கள் பின்பற்றும் முறை இதுதான். வீடியோவைக் காட்டுவதற்கென்றே ப்ராசஸருக்குள் தனிச் சுற்று இருப்பதால், அது கணினிக்கு மிக இலேசான வேலை. உங்கள் மகள் செய்வது அதுவல்ல. உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்து, வைஃபையில் வகுப்பைக் கேட்டுக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தில் எழுத்துத் தெரிய வேண்டும் என்று திரையை முழு வெளிச்சத்தில் வைத்திருப்பாள்.

பெட்டியில் போட்டதில் பாதிக்கு மேல் கிடைத்தால் நான் அதைப் பழுது என்று சொல்வதில்லை. மூன்றில் இரண்டு பங்கு வந்தால் நல்ல கணினி என்பேன். பாதிக்கும் கீழே போனால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும். நான்கரை மணி நேரம் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, ஆகவே மேற்கொண்டு படியுங்கள்.

அப்படியானால் எனக்கு எவ்வளவு நேரம் வர வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம் பகுதிக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மேட்டூரில் எத்தனை டிஎம்சி இருக்கிறது, வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று காலையில் செய்தித்தாளில் பார்த்து, தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று மனத்துக்குள் வகுத்துப் பார்க்கிறோம் அல்லவா, அதே வகுத்தல்தான். பேட்டரியின் கொள்ளளவை வாட் மணியில் சொல்வார்கள். கணினி செலவழிப்பது வாட்டில். முன்னதைப் பின்னதால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும்.

42 வாட் மணி பேட்டரி, சராசரியாக 7 வாட் செலவு என்றால் 6 மணி நேரம். அதே பேட்டரியில் 14 வாட் செலவானால் 3 மணி நேரம். எழுதுவது, படிப்பது போன்ற வேலைகளுக்குச் சாதாரண மடிக்கணினி 6 முதல் 9 வாட் வரை எடுத்துக்கொள்ளும். கேமராவைத் திறந்து வீடியோ அழைப்பில் உட்கார்ந்தால் அது எளிதாக இரட்டிப்பாகும். விளையாட்டுகளுக்கான கணினியில் விளையாடவே ஆரம்பித்தால் 42 வாட் மணி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

உங்கள் கணினி எத்தனை வாட் எடுக்கிறது என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சார்ஜரைக் கழற்றுங்கள். வழக்கமான வேலையை ஒரு மணி நேரம் செய்துவிட்டு எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 42 வாட் மணி பேட்டரியில் 20 சதவீதம் இறங்கியிருந்தால் செலவு 8.4 வாட். அடுத்து எல்லாவற்றையும் மூடிவிட்டு, திரையைப் பாதி வெளிச்சத்தில் அணையாமல் எரியவிட்டு, தொடாமல் அரை மணி நேரம் வையுங்கள். இறங்கிய சதவீதத்தை இரட்டித்து அதே கணக்கைப் போடுங்கள். 6 வாட்டுக்குள் வந்தால் நல்லது. சும்மா இருக்கும்போதே 10 வாட்டுக்கு மேல் போகிறது என்றால் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடையில் "எத்தனை மணி நேரம் நிற்கும்?" என்று கேட்காதீர்கள், "எத்தனை வாட் மணி?" என்று கேளுங்கள். விலை குறைந்த மாடல்களில் 40 வாட் மணியை ஒட்டிய பேட்டரிகள் நிறைய இருக்கின்றன. அதைவிடச் சற்றே விலை கூடிய மாடலில் 55 வாட் மணிக்கு மேல் கிடைக்கக்கூடும். விடுதியில் தங்கிப் படிக்கப்போகும் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தைத் தயங்காமல் போடுங்கள். பேட்டரியின் அளவைப் பிறகு கூட்ட முடியாது.

பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று கணினியே சொல்லுமா?

சொல்லும். இவ்வளவு நல்ல வசதி விண்டோஸிலேயே இருப்பது பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடித் திறந்துகொள்ளுங்கள். அதில் ஆங்கிலத்தில், 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை இடைவெளி இல்லாமல் சேர்த்து அடியுங்கள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக அடித்து என்டரைத் தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகும், அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதும் அங்கேயே தெரியும். அதை உலாவியில் திறந்து பாருங்கள்.

அறிக்கை நீளமானது, ஆனால் நமக்கு வேண்டியது மூன்றே வரிகள். டிசைன் கெபாசிட்டி என்பது தயாரிப்பின்போது குறித்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்றைக்கு அந்தப் பேட்டரியில் உண்மையில் கொள்ளும் அளவு. இரண்டும் மில்லிவாட் மணியில் இருக்கும், ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சைக்கிள் கவுண்ட், அதாவது பேட்டரி இதுவரை எத்தனை சுற்று செலவாகியிருக்கிறது என்ற எண்ணிக்கை. இன்று பாதி, நாளை பாதி என்று செலவழித்தாலும் மொத்தம் நூறு சதவீதம் ஆனால்தான் ஒரு சுற்று.

புதிய கணினியில் முதலிரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 42,000 என்று குறித்த இடத்தில் 41,000 இருந்தால் கவலையில்லை. 36,000 இருந்தால் சுமார் 86 சதவீதம்தான், முதல் மாதத்திலேயே அப்படி என்றால் கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. சுற்றுகளின் எண்ணிக்கையையும் வாங்கிய வாரத்திலேயே பாருங்கள். பிரிக்காத பெட்டி என்று சொல்லி விற்ற கணினியில் அது நாற்பது, ஐம்பது என்று காட்டினால் அது காட்சிக்கு வைத்ததாகவோ, திரும்பி வந்ததாகவோ இருக்கக்கூடும்.

ஒரு சிறு எச்சரிக்கை: பேட்டரிக்குள் இருந்து இந்த எண்களைச் சொல்லும் சில்லு சில நேரங்களில் கணக்குத் தப்பும். முழுதாக ஏற்றி, பத்து சதவீதத்துக்கு அருகே வரும் வரை பயன்படுத்தி, மறுபடியும் முழுதாக ஏற்றியபின் இன்னொரு அறிக்கை எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது. இப்போதே அளக்கலாமா?

ஒரு வாரம் பொறுங்கள். முதல் சில நாள்களில் விண்டோஸ் அப்டேட்கள் இறங்கும், வைரஸ் தடுப்பு முழுக் கணினியையும் சோதிக்கும், கோப்புகளைத் தேடுவதற்கான அட்டவணை உருவாகும், படங்களும் ஆவணங்களும் இணையச் சேமிப்புக்கு ஏறும். சார்ஜரில் மாட்டி, வைஃபையை இணைத்து, ஓர் இரவு முழுக்க விட்டுவிட்டால் இவற்றில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

அறிக்கை நன்றாக இருக்கிறது, செலவுதான் அதிகமாக இருக்கிறது. எது குடிக்கிறது?

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் அண்ட் பேட்டரி என்ற பகுதிக்குப் போங்கள். எந்தச் செயலி எத்தனை சதவீதம் எடுத்தது என்ற பட்டியல் அங்கே இருக்கும். முதலிடத்தில் உலாவி இருந்தால் அதில் வியப்பில்லை. நீங்கள் திறந்தே பார்க்காத ஒரு பெயர் முதல் மூன்றில் இருந்தால் அதுதான் ஆள். புதிய கணினிகளில் தயாரிப்பாளர் போட்டுத் தரும் வைரஸ் தடுப்பின் சோதனைப் பதிப்பை நான் அங்கே அடிக்கடி பார்க்கிறேன். விண்டோஸோடு வரும் பாதுகாப்பே வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதும், சோதனைப் பதிப்பை நீக்கிவிடலாம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்து, கணினி தொடங்கும்போதே தானாக எழும் செயலிகளில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள்.

அடுத்தது திரை. வெளிச்சத்தை முழுதிலிருந்து பாதிக்கு இறக்குவதைப் போல வேறெதுவும் உடனே பலன் தராது. திரை வினாடிக்கு 120 அல்லது 144 முறை புதுப்பிக்கும் வகை என்றால், டிஸ்ப்ளே அமைப்பில் அதை 60 ஹெர்ட்ஸாக மாற்றிப் பாருங்கள். எழுதவும் படிக்கவும் அதுவே போதும்.

விளையாட்டுகளுக்கான கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லாத நேரத்தில் தூங்க வேண்டும். திரை நேரடியாக அதனோடு இணைந்திருக்கும்படி அமைத்திருந்தால் அது தூங்கவே தூங்காது, சும்மா இருக்கும்போதும் பத்து வாட்டுக்கு மேல் போகும். தயாரிப்பாளரின் செயலியில் கிராஃபிக்ஸ் அமைப்பை ஹைப்ரிட் என்ற நிலைக்கு மாற்றி, கணினியை அணைத்துத் தொடங்குங்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு இருக்கட்டும் என்று இந்த வகைக் கணினியை வாங்கித் தரும் பெற்றோர் இங்கே நிறைய. அதில் இந்த ஒரு மாற்றத்திலேயே நேரம் இரட்டிப்பானதை என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் விற்கும் 'பேட்டரி பூஸ்டர்' செயலிகளை மட்டும் போட்டுவிடாதீர்கள். அவையும் பின்னணியில் ஓடும் செயலிகளே.

இரவு மூடி வைத்தேன், காலையில் இருபது சதவீதத்தைக் காணவில்லை. இரவில் யார் செலவழித்தது?

நான் கேட்கும் குறைகளில் இதுதான் மிக அதிகம். புதிய கணினிகள் மூடியை மூடினால் முழுதாகத் தூங்குவதில்லை. கைபேசியைப் போல அரைத் தூக்கத்தில் இருந்து, இணையத்தோடு தொடர்பில் இருந்து, மின்னஞ்சலையும் அப்டேட்டையும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று அதற்குப் பெயர். சரியாக இயங்கினால் மணிக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் போகாது. ஏதாவது ஒரு ட்ரைவரோ (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) செயலியோ தூங்க விடாமல் தடுத்தால் ஓர் இரவில் இருபது, முப்பது என்று போகும். பைக்குள் வைத்த கணினி சூடாக இருந்தால் இதுவே காரணம். அந்தச் சூட்டில் பேட்டரியும் கெடும்.

முதலில் தயாரிப்பாளரின் செயலி வழியாக பயாஸையும் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள்) ட்ரைவர்களையும் புதுப்பியுங்கள். சில கணினிகளில் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் ஹைபர்னேட் நிலைக்கு மாறுவதே என் பரிந்துரை. திறந்திருக்கும் வேலையை வட்டில் எழுதிவிட்டுக் கணினி அணைந்துவிடும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எழுந்து வரச் சில வினாடிகள் கூடுதலாகும், அவ்வளவே. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போனால், மூடியை மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. பேட்டரியில் இருக்கும்போது ஹைபர்னேட், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அணைத்து வைத்த பிறகும் இறங்குகிறது என்றால், அணைந்த நிலையிலும் யுஎஸ்பி துளை கைபேசிக்குச் சார்ஜ் தரும் வசதி இயங்குகிறதா என்று பயாஸில் பார்த்து நிறுத்துங்கள்.

எங்கள் ஊரில் குறுவை நேரத்தில் எல்லா மோட்டாரும் ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும். பேட்டரி சரியாக ஏறாமல் போவது அதனாலா?

இல்லை. சார்ஜரின் மீது இன்புட் என்ற வரியைப் படித்துப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். 230 வர வேண்டிய இடத்தில் 160 வந்து மின்விசிறி சோர்ந்து சுற்றினாலும், சார்ஜர் தன் வேலையைக் குறைவின்றிச் செய்யும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதாலும் பேட்டரியின் ஆயுள் குறைவதில்லை.

நம் பகுதியில் பயப்பட வேண்டியது கூடுதல் வோல்டேஜுக்கு. புயல் காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் 230-ஐ மிகவும் தாண்டி மின்சாரம் வரக்கூடும். போன மின்சாரம் திரும்பி வரும் நொடியிலும் வோல்டேஜ் துள்ளும், இடி மின்னலையும் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விளக்கு மினுங்கத் தொடங்கியதும் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மடிக்கணினியில் பேட்டரி இருப்பதன் பெரிய வசதியே அப்படிப் பிடுங்க முடிவதுதான்.

பேட்டரியோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஏறும்போது உலோக உடலைத் தொட்டால் விரலில் சுரீரென்று இலேசாக உணர்வதாகவும், சுட்டி தானாகத் துள்ளுவதாகவும் பழைய வீடுகளிலிருந்து வருபவர்கள் சொல்கிறார்கள். எர்த் இல்லாத இரண்டு துளை ப்ளக்கில், மூன்று முள் சார்ஜரை மாற்றுமுனை போட்டு மாட்டுவதால் வருவது அது. மின்பணியாளரை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எண்பது சதவீதத்துக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. பழுதா?

பழுதல்ல, பாதுகாப்பு. லித்தியம் அயனி பேட்டரி எப்போதும் நூறிலேயே நின்றால் சீக்கிரம் கிழடு தட்டும். அதனால் லெனோவோ, ஆசுஸ் போன்ற நிறுவனங்கள் எண்பதை ஒட்டி நிறுத்தும் வசதியைத் தருகின்றன. அவர்களின் செயலியில் அதை இயக்கவும் நிறுத்தவும் முடியும். மேசையிலேயே சார்ஜரில் மாட்டி வேலை செய்பவர்கள், குறிப்பாக இ-சேவை மையம் நடத்துபவர்கள், அதை இயக்கியே வைத்திருங்கள்.

ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வரம்பை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பேராவூரணிப் பக்கங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வராத ஊர்கள் இருந்தன. அப்படிப்பட்ட வேளையில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் என்பது பெரியது. சில நாள் நூறில் இருப்பதால் பேட்டரி கெட்டுவிடாது.

கைபேசியின் டைப்-சி சார்ஜரை மாட்டினால் ஏறுகிறது, ஆனால் வேலை செய்யும்போது இறங்குகிறதே?

கைபேசிச் சார்ஜர் பல 18, 20 வாட்டோடு நின்றுவிடும். கணினி அந்த நேரத்தில் 25 வாட் செலவழித்தால் மிச்சம் பேட்டரியிலிருந்துதான் போக வேண்டும். டைப்-சி வழியாகவே கூடுதல் வாட் தரும் பவர் டெலிவரி வகையில், 45 அல்லது 65 வாட் சார்ஜரே தேவை. பவர் பேங்க் வாங்குவதற்கும் இதே விதிதான். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருப்பது உள்ளே ஏறக்குறைய 74 வாட் மணி. மாற்றும்போது ஒரு பகுதி சூடாகப் போய்விடும், ஆகவே 42 வாட் மணி பேட்டரியை ஒரு முறை தாராளமாக நிரப்பும், இரண்டு முறை நிரப்பாது.

வெயில் பேட்டரியைப் பாதிக்குமா?

மிகவும் பாதிக்கும், அந்தச் சேதத்தைத் திரும்பச் சரிசெய்யவும் முடியாது. மேக்புக்குக்கு 10 முதல் 35 டிகிரி வரையிலான சூழலே ஏற்றது என்கிறது ஆப்பிள். தஞ்சாவூரின் கத்திரி வெயிலில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம். பகலில் பூட்டி நிறுத்திய காருக்குள்ளோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர்கீழே பரணிலோ கணினியை வைக்காதீர்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் கேடு இன்னும் வேகமாக வரும். மெத்தையில் வைத்து வேலை செய்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டு, விசிறி ஓயாமல் சுற்றி, பேட்டரியும் சூடாகும், செலவும் கூடும். ஒரு பலகையை அடியில் வைத்தாலே போதும்.

சுட்டிப் பலகை மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே சார்ஜரைக் கழற்றி, அணைத்து, சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். நாங்கள் போடவில்லை.

தேவையே இல்லை. அது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்து அறிவுரை. பூஜ்யம் வரை தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டும் என்பதும் அப்படியே.

என்னிடம் இருப்பது லினக்ஸ். ஏன் விண்டோஸைவிடச் சீக்கிரம் தீர்கிறது?

மின்செலவைக் குறைக்கும் டிஎல்பி என்ற மென்பொருளை நிறுவுங்கள், இலவசம். உலாவியில் வீடியோவுக்கு வன்பொருள் உதவி இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் மொத்த வேலையும் ப்ராசஸரின் தலையில் விழுந்து, செலவு கூடிவிடும்.

எல்லாம் செய்தாயிற்று. அறிக்கையில் கொள்ளளவு குறைவாகத்தான் இருக்கிறது. இனி என்ன?

இனிப் பொறுமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இணையத்தில் வாங்கியிருந்தால் மாற்றிக்கொள்ளும் கெடு சில நாள்கள்தான் இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். கெடு போயிருந்தாலும் உத்தரவாதம் இருக்கிறது. பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான், கணினிக்கு மூன்றாண்டு வாங்கியிருந்தாலும் பேட்டரிக்குத் தனியாகப் பாருங்கள். "பத்து மணி நேரம் வரவில்லை" என்று சொன்னால் சர்வீஸ் மையத்தில் ஏற்க மாட்டார்கள். "குறித்த கொள்ளளவு இவ்வளவு, இருப்பது இவ்வளவு" என்று அறிக்கையை அச்செடுத்துக் கொடுங்கள். எச்பி கணினியில் தொடங்கும்போது எஸ்கேப்பைத் தட்டி எஃப்2, டெல்லில் எஃப்12 என்று போனால் நிறுவனத்தின் சொந்தப் பரிசோதனையே இருக்கிறது. அதில் பழுது என்று வந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராமல் மின்னஞ்சலாக அனுப்புங்கள், கணினியைக் கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பதிவு செய்யலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் விற்பனையாளர் மீதும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பில், வாங்கிய வாரத்தில் எடுத்த பேட்டரி அறிக்கை, சர்வீஸ் மையத்தின் ரசீது ஆகிய மூன்றையும் சேர்த்து இணையுங்கள்.